பதினோராம் ஜன்னல்

அத்தியாயம் 17

போன வாரம், கிடங்கு மூலையில் காலித் தார்ப் பீப்பாய்களுக்கு அடியில் அந்தப் பழைய வருகைப் பதிவேடு கிடைத்ததோடு நிறுத்தினோம். மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தும்மிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஆறு நாள் தாங்கியது. அந்த வீட்டு நிலவரத்துக்கு அதுவே அதிகம்.

விஷயம் ஒன்றும் சிக்கலானதில்லை. அவள் அப்பா சாலைப் பராமரிப்புத் துறையில் கிட்டத்தட்ட இருபத்தொன்பது வருஷம் தார் ஊற்றியவர். அதில் பத்தொன்பது வருஷம் தினக்கூலி. நிரந்தரமாக்கிய பிறகு ஒன்பது வருஷம் எட்டு மாதம். பென்ஷன் வேண்டுமென்றால் முழுசாகப் பத்து வருஷம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாலு மாதம் குறைகிறது.

தினக்கூலிக் காலத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஆனால் வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். பத்தொன்பது வருஷ ஆதாரத்தில் பதினாறு வருஷத்தைக் கரையான் தின்று முடித்துவிட்டது. மிஞ்சியது இந்த ஒரே பதிவேடு, மூன்று வருஷத்துக்கானது. பாதி என்றாலும் ஒன்றரை வருஷம். நாலு மாதப் பள்ளத்தை நிரப்ப அது தாராளம்.

பதிவேட்டில் இருப்பது அவர் விரல் ரேகைதான் என்று நிரூபித்துவிட்டால் போதும். அதற்குத்தான் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

காலை ஏழு மணிக்கு மகள் கொல்லைப்பக்கம் வந்தபோது அப்பா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். கல்லின் சொரசொரப்பான ஓரத்தில் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல்களை மட்டும் மடக்கி வைத்திருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "கை அழுக்கா இருக்கு பாப்பா. ஆபீஸ்ல தொடப்போறாங்க."

"ரிட்டையர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. இன்னுமா தார் ஒட்டிக்கிட்டிருக்கு?"

"அது அவ்வளவு சீக்கிரம் போகாது."

விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. பயத்தில் மனுஷன் என்னென்னவோ செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் சோப்பை எடுத்து நீட்டினாள்.

வேலையிடத்தில் அவருக்குச் சுண்டு என்று பேர். ஆள் குள்ளம், அதனால் வந்த பேர் என்றுதான் மகள் பிறந்ததிலிருந்து நினைத்திருந்தாள். நாமும் பதினாறு வாரமாக அப்படித்தான் நினைத்தோம்.

சமையலறை ஜன்னலில் பெரியம்மா நின்றிருந்தாள். சுண்டுவின் அண்ணன் மனைவி. வெங்காயம் நறுக்கிய கை பாதியில் நின்றிருந்தது. அவள் பார்வை மைத்துனரின் விரல்களில் இருந்தது.

பெரியம்மாவைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மகளுக்கு நாலு வயதில் தாய் போனபோது தூக்கிக்கொண்டவள் இவள்தான். அண்ணனும் தம்பியும் ஒரே தார் கேங்கில் வேலை பார்த்தார்கள். அண்ணன் மூத்தவர் என்பதால் ஏழு வருஷம் முந்தியே நிரந்தரமானார், பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அவர் பேரில் வரும் குடும்ப பென்ஷனும், ஜெராக்ஸ் கடையில் மகள் வாங்கும் சம்பளமும்தான் இப்போது மூன்று வயிற்றுக்கும். லேப் டெக்னீஷியன் படிப்பை மகள் பாதியில் விட்டதும் அதனால்தான். மீதி ஒரு வருஷத்தை முடிக்க இந்த வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும்.

"எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள் பெரியம்மா.

"பத்தரைக்கு. ரேகை பார்க்கிற மேடம் தலைமை ஆபீஸ்லருந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்களாம். அஞ்சு மணிக்குத் திரும்பிப் போயிடுவாங்க."

"எந்த ஜன்னல்?"

"பதினொண்ணு. ரெண்டாவது மாடி. உங்களுக்கு எதுக்குப் பெரியம்மா?"

"சும்மாதான். வீட்டுல உக்காந்து உங்களை நினைச்சுக்கிட்டிருக்கணுமே, எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தானே நினைக்கறதுக்கு வசதி."

மகள் சிரித்தாள். சுண்டு சிரிக்கவில்லை.

"தம்பி, சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்தோட ஆபீஸ் படி ஏறக்கூடாது."

"வேணாம் அண்ணி. இறங்காது."

மகளுக்கு எரிச்சல் வந்தது. எட்டு மாதமாக இவருக்காக எத்தனை மனு எழுதியிருப்பாள், எத்தனை ஜன்னலில் நின்றிருப்பாள். பதிவேடு கிடைத்த அன்று கூட மனுஷர் வாயைத் திறந்து ஒரு 'அப்பாடா' சொல்லவில்லை. தனக்கு வர வேண்டிய பென்ஷனுக்குத் தானே முகத்தைச் சுளிக்கிற ஆளை அவள் எங்கும் பார்த்ததில்லை.

*

பதினோராம் ஜன்னல் கிளார்க்குக்கு மகள் வைத்த பேர் ஸ்டேப்ளர். எது கேட்டாலும் முதலில் ஸ்டேப்ளரை இரண்டு தடவை காற்றில் அழுத்துவார், பிறகுதான் பதில் வரும். இன்றைக்கு அவரே எழுந்து வந்து உள்ளே கூப்பிட்டார்.

"வாங்க பெரியவரே. இன்னியோட உங்க பொண்ணு முகத்தைப் பார்க்கிற பாக்கியம் எனக்குப் போகப்போகுது."

உள்ளே மேஜையில் பதிவேடு விரிந்து கிடந்தது. கரும்பழுப்பாகிப்போன தாள்கள். பக்கத்துக்கு எட்டுப் பேர், பேருக்கு நேரே நாளுக்கொரு நீல ரேகை. பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்த ரேகை மேடம் நிமிர்ந்து, "உக்காருங்க" என்றார். மெதுவாகப் பேசுகிற, தன் வேலையை நன்றாகத் தெரிந்த பெண். இந்த அத்தியாயத்தில் கெட்டவர்கள் யாரும் கிடையாது. கஷ்டமே அதுதான்.

"எட்டுப் பேர் கேங்கா?"

"ஆமா மேடம்."

"இதுல நீங்க எத்தனாவது?"

"அஞ்சாவது."

மேடம் ஐந்தாவது வரிசையில் கண்ணாடியை நகர்த்தினார். "இது கட்டைவிரல் இல்லையே. சின்னதா இருக்கு."

"சுண்டுவிரல் மேடம். இடது கை. அந்தக் காலத்துல எந்த விரல்னு யாரும் கேக்கல." சுண்டு அந்த விரலை மட்டும் நீட்டிக் காட்டினார். "அந்த ஒரு விரலை மட்டும் எடுத்துக்கிட்டா போதாதுங்களா?"

"பத்தும் வேணும். பக்கத்துல இருக்கிற மத்தவங்க ரேகையோடயும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னு புது உத்தரவு. போன மாசம் வேற ஒரு டிப்போவுல இப்படித்தான், ஒரே ஆள் மொத்தக் கேங்குக்கும் விரல் வெச்சிருக்கார். அந்த ரிஜிஸ்டரை நம்பித்தான் எல்லாரையும் நிரந்தரமாக்கியிருந்தாங்க. மத்தவங்க எல்லாருக்கும் பென்ஷன் நின்னுபோச்சு. இதுவரைக்கும் வாங்கினதையும் திருப்பிக் கேக்கறாங்க."

"வெச்ச ஆளை என்ன பண்ணினாங்க?" என்று மகள் ஆர்வமாகக் கேட்டாள்.

"அதுதான் வேடிக்கை. அவர் பேருக்கு நேரே இருந்தது அவர் விரல்தானே. அவருக்கு மட்டும் பென்ஷன் ஓகே ஆயிடுச்சு."

"நல்லா எடுத்துக்கங்க மேடம்," என்றாள் மகள். "எங்கப்பாவுக்கு மறைக்க ஒண்ணுமில்ல."

அவர் கையை அவளே பிடித்து மேஜை மேல் வைத்தாள்.

முதலில் இடது சுண்டுவிரல். ரேகை தாளில் அச்சடித்தது போல விழுந்தது. மேடம் பதிவேட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மகளுக்கு அங்கேயே கை தட்டத் தோன்றியது.

அடுத்து மோதிரவிரல். வெறும் நீலக் கறை. நடுவிரலும் கறை. மை பட்டதும் எரிந்தது போலும், சுண்டு உதட்டைக் கடித்தார். கட்டைவிரலை மேடம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தோல் உரிஞ்சிருக்கே."

"தார் வேலை மேடம்."

"தார் வேலைக்காரங்க கை நான் நிறையப் பார்த்திருக்கேன். இது பழைய தேய்மானம் இல்ல, இன்னிக்கு ஆனது. ரெண்டு சுண்டுவிரல் மட்டும் நல்லா இருக்கு."

ஸ்டேப்ளர் இரண்டு தடவை அழுத்தினார். யாரும் எதுவும் கேட்காமலே.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "ரேகை எங்கயும் போயிடாது பெரியவரே. தோல் வளர்ந்தா அதே கோடு அப்படியே திரும்பி வரும். பொறந்தப்போ குடுத்தது, கடைசி வரைக்கும் கூடவே வரும். எங்கிட்ட ஒரு மருந்து இருக்கு, தடவினா இப்பவே ஓரளவு தெரியும். போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. ரெண்டு மணிக்கு மறுபடி எடுக்கலாம்."

*

மாடிப்படியின் திருப்பத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் மகள் அப்பாவை நிறுத்தினாள்.

"காலையில கல்லுல தேய்ச்சது இதுக்குத்தானா?"

அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட சொல்லுங்கப்பா. அது உங்க விரல் இல்லையா? உங்களுக்குப் பதிலா வேற யாராவது வெச்சாங்களா?"

"என் விரல்தான்."

"அப்புறம் என்ன?"

"எல்லாமே என் விரல்தான் பாப்பா."

அவளுக்குப் புரியவில்லை. அவர் கையை விரித்துக் காட்டினார். நீல மை ஏறிய, தோலுரிந்த விரல்கள்.

"ரிஜிஸ்டர் டிப்போவுல இருக்கும். வேலை அங்கருந்து ஏழு மைல், எட்டு மைல் தள்ளி நடக்கும். எட்டுப் பேரும் டிப்போவுக்கு நடந்து வந்து விரல் வெச்சுட்டு மறுபடி நடந்து போனா மத்தியானம் ஆயிடும். தார் எப்ப காய்ச்சறது, எப்ப ஊத்தறது? என்கிட்டதான் சைக்கிள் இருந்துச்சு. மண்ணெண்ணெய் வாங்க தினமும் நான்தான் டிப்போவுக்குப் போவேன். எல்லாருக்கும் நீயே வெச்சுட்டு வான்னு ஓவர்சியர் சொன்னார்."

"எட்டுப் பேருக்குமா?"

"ஒரே விரலை எட்டுத் தடவை வெச்சாத்தானே பொய்? அப்படித்தான் நாங்க நினைச்சோம். உக்காந்து பேசி ஆளுக்கு ஒரு விரல்னு பிரிச்சுக்கிட்டோம். இடது கை கட்டைவிரல் மேஸ்திரிக்கு. ஆட்காட்டி விரல் அண்ணனுக்கு, அவர்தான் எப்பவும் அதைச் செய் இதைச் செய்னு கையை நீட்டிக்கிட்டே இருப்பார். நடுவிரல் நெட்டையனுக்கு. மோதிரவிரல் புதுசாக் கல்யாணம் ஆனவனுக்கு. நான் சின்னவன், எனக்குச் சுண்டுவிரல்."

மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலது கையில கட்டைவிரல் தார் காய்ச்சறவர். அடுத்தது ரோலர் கூடப் போறவர், அதுக்கு அடுத்தது தண்ணி ஊத்தறவர். எட்டுப் பேருக்கு எட்டு விரல். மூணு வருஷத்துல ஒருத்தன் விரலை இன்னொருத்தனுக்கு மாத்தி வெச்சதில்ல. வேலைக்கு வராதவனுக்கு ஒரு நாளும் வெச்சதில்ல. அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த ஒன்பது நாளும் பாரு, அவர் கட்டம் காலியா இருக்கும். அவங்கவங்க விரலை என்கிட்ட குடுத்து வெச்சிருந்தாங்க பாப்பா. நான் பத்திரமாத்தான் பாத்துக்கிட்டேன்."

எவ்வளவு நேர்மையான திருட்டு! மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இத்தனை நாள் ஏன் சொல்லல? கிடங்குல மூணு நாள் புழுதி தின்னேனே, அப்ப ஏன் சொல்லல?"

"கிடைக்காதுன்னு நினைச்சேன். கரையான் விட்டு வைக்காதுன்னு இருந்தேன்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மேடம் சொன்னது இப்போதுதான் உறைத்தது. மத்தவங்க எல்லாருக்கும் பென்ஷன் நின்னுபோச்சு.

"அவங்கல்லாம் இருக்காங்களா?"

"எட்டுல மூணு பேர் இருக்கோம். நான், நெட்டையன், ரோலர்காரர். நெட்டையன் படுத்த படுக்கை. போனவங்கள்ல தார்க்காரருக்கு யாரும் இல்ல. மீதி நாலு வீட்டுலயும் அந்தக் குடும்ப பென்ஷன்லதான் அடுப்பு எரியுது. தண்ணிக்காரர் பையனுக்கு நடக்க வராது, தெரியும்ல?"

"நாலு வீட்டுல ஒண்ணு நம்ம வீடு."

"ஆமா."

மேலே யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் நாளைக்கு வா என்று கத்தினார்.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க. பெரியம்மா நம்மகூடத்தானே இருக்காங்க. அவங்களுக்கு நின்னு உங்களுக்கு வந்தா வீட்டுக்கு ஒண்ணுதானே? மத்தவங்களை..." அவளால் முடிக்க முடியவில்லை.

அவர் திட்டவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்கினதையும் திருப்பிக் கேக்கறாங்கன்னு அந்த மேடம் சொன்னாங்கல்ல. அண்ணி பதினோரு வருஷம் வாங்கியிருக்காங்க. எங்கருந்து குடுப்பாங்க?"

"பெரியம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். தெரிஞ்சா அந்தக் காசுல ஒரு வாய் சோறு உள்ளே போகுமா அவங்களுக்கு?"

மகள் அழுதாள். அப்பாவுக்காகவா, வெள்ளிக்கிழமைக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தாள். எட்டு மாதமாக மனு எழுதிப் பழகியதில் அந்தப் பையில் எப்போதும் வெள்ளைத்தாள் இருக்கும்.

*

ஸ்டேப்ளர் அந்த நாலு வரியை மூன்று தடவை படித்தார். தினக்கூலிக் காலத்தைச் சேர்க்கக் கேட்டிருந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், இனி கோர மாட்டேன்.

"என்னம்மா விளையாட்டு இது? ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டா மறுபடி கேக்கவே முடியாது. தெரியும்ல? நாலு மாசம் குறையுதுன்னு சொல்லி ஒரு சின்னத் தொகையைக் கையில குடுத்து அனுப்பிடுவாங்க. அதோட சரி."

"தெரியும் சார்."

"நாலு மாசத்துக்கு நாப்பது மனு எழுதின பொண்ணு நீ."

அவர் உள்ளே மேஜைப் பக்கம் திரும்பி மேடத்தைப் பார்த்தார். மேடம் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விண்ணப்பம் இல்லைன்னா எனக்கு ஒப்பிட வேலையில்ல," என்றார் மேடம். "எழுத்துலயோ நேர்லயோ யாராவது புகார் சொன்னா மட்டும்தான் நான் பார்க்கணும்." சொல்லிவிட்டு, காலையில் விரல் எடுத்த தாளை நாலாக மடித்து அவரே கொண்டுவந்து நீட்டினார். "இதை நீங்களே வெச்சுக்கங்க பெரியவரே."

ஸ்டேப்ளர் பெருமூச்சு விட்டார். மை டப்பாவை ஜன்னல் வழியே தள்ளினார். "கட்டைவிரலை வைங்க."

சுண்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மேஸ்திரியுடையது.

"கையெழுத்துப் போடறேன்," என்றார்.

"போட வருமா?"

"வரும்."

வராது. இருபது வருஷத்துக்கு முன்னால் தொழிற்சங்க ஆபீஸில் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்ததோடு சரி. மகள் பேனாவை அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள். தோலுரிந்த நுனிகளில் பேனா உரச, அவர் ஒவ்வோர் எழுத்தாக நினைவில் தேடினார். ஒன்று கோட்டுக்கு மேலே போனது, ஒன்று கீழே சரிந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் உச்சுக்கொட்டினார். ஸ்டேப்ளர் அவரை முறைத்து அடக்கினார்.

முழுப் பேரும் எழுதி முடிக்கச் சுண்டுவுக்கு ஏழு நிமிஷம் ஆயிற்று. நெற்றியில் வியர்வை. தார் ஊற்றிய நாளில்கூட மனுஷர் இவ்வளவு வியர்த்திருக்க மாட்டார்.

"அஞ்சு மணிக்குத்தான் கட்டி மேலே அனுப்புவேன்," என்றார் ஸ்டேப்ளர், மகளிடம் மட்டும், தணிந்த குரலில். "அதுக்குள்ள மனசு மாறினா வா. கிழிச்சுப் போட்டுட்டு, விண்ணப்பம் அப்படியே இருக்குன்னு வெச்சுக்கறேன்."

"மாறாது சார்."

*

பஸ் நாற்பது நிமிஷம் ஊர்ந்தது. சுண்டு சட்டைப் பையிலிருந்த மடித்த தாளை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை வரும், போகும். ஜெராக்ஸ் கடையில் மெஷின் சூடாகி மணக்கும். பக்கம் பக்கமாக அடுத்தவர் படிப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். நினைக்க நினைக்கக் கசந்தது.

"அண்ணிகிட்ட என்ன சொல்றது?" என்றார் அப்பா.

"ரேகை தெளிவா விழலைன்னு சொல்லுங்க. பொய்யில்லையே."

நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. பெரியம்மா வெளியே போய்ப் பார்த்து வருஷக்கணக்கு இருக்கும். கடைக்குப் போவதென்றால்கூட மகளைத்தான் அனுப்புவாள்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி வெளியே வந்தாள்.

"சாவி என்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காங்க. இப்பத்தான் ஒரு இருபது நிமிஷம் இருக்கும்."

"எங்க போனாங்க?"

"உங்க ஆபீஸுக்குத்தான். உங்களைப் பார்க்கலையா? நீங்க வந்த பஸ்ஸும் அவங்க போன பஸ்ஸும் வழியில ஒண்ணையொண்ணு தாண்டியிருக்கும். காலையிலருந்தே ஒரு மாதிரியா இருந்தாங்க. மத்தியானம் முழுக்க அந்தத் துவைக்கிற கல்லையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் முகம் கழுவி, நல்ல துணி மாத்திக்கிட்டு, பென்ஷன் புஸ்தகத்தைப் பையில வெச்சு எடுத்துக்கிட்டாங்க. ரெண்டாவது மாடி, பதினோராம் ஜன்னல்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே படி இறங்கினாங்க."

சுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குன்னு கேட்டேன்," என்றாள் தையல்காரம்மா. "அதுக்கு அவங்க, என் வீட்டுக்காரர் விரல் ஒண்ணு இத்தனை வருஷமா என் கொழுந்தன்கிட்ட இருக்கு, அவர் சாகறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னார், அதைத் திருப்பிக் குடுக்கணும், இல்லைன்னா அந்த மனுஷன் தன் கையையே தேய்ச்சுத் தீர்த்துடுவார்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உடம்பு கிடம்பு சரியில்லையா அவங்களுக்கு?"

மகள் பெரியம்மாவின் எண்ணுக்கு அடித்தாள். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், அலமாரி மேலிருந்து, மணி அடித்தது.

மணி நாலு பத்து.

"ஓடு பாப்பா," என்றார் அப்பா. "நாலேகால் பஸ் இருக்கு. என் முழங்கால் கூட வராது. நீ ஓடு. அங்க வரிசை பெரிசு, அண்ணி ஜன்னல்கிட்ட போய் வாயைத் திறக்கறதுக்குள்ள போயிடு."

அவள் ஓடினாள். தையல்காரம்மாவின் வாசல், மருந்துக்கடை, சைக்கிள் கடை, நிறுத்தம். பஸ் நின்றுகொண்டிருந்தது. மூச்சு இரைக்கப் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்தாள்.

பிடித்த அந்த நொடியில்தான் அது மனசில் வந்தது. பெரியம்மா சொல்லிவிட்டால்? வெச்ச ஆளுக்கு மட்டும் பென்ஷன் ஓகே ஆயிடுச்சு என்றாரே மேடம். அஞ்சு மணிக்குள் கிழிச்சுப் போடறேன் என்றாரே ஸ்டேப்ளர். பெரியம்மா கேட்டாலும் கிழிப்பார். அவள் எதுவும் செய்ய வேண்டாம். யாருக்கும் துரோகம் செய்ய வேண்டாம். இந்த ஒரு பஸ்ஸை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

தன்னை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் கால் மேலே ஏறவில்லை.

டிரைவர் கண்ணாடி வழியே பார்த்தார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏறுறியாம்மா, இல்லையா?"